உங்கள் பருப்பு இங்கே வேகாது

பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் வால் தொரான்ஸ் என்று ஒரு பனிச்சறுக்கு ஊர். அங்கே ஒரு வாரம் இருந்துவிட்டு வந்த கதையைப் போன இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தேன். அரைப் பக்கத்துக்கு இத்தனை கடிதமா என்று ஆசிரியரே கேட்டார். போய் வந்தவர்கள் பாதி, போகப் போகிறவர்கள் பாதி, "குளிரில் போய் விழுவதற்குக் காசு வேறு கொடுக்கணுமா" என்று கேட்டவர் ஒருவர். அவர் என் சித்தப்பா, அவருக்கு நேரில் பதில் சொல்லிக்கொள்கிறேன். மற்றவர்களுக்கு இங்கே.

கே: போன பிப்ரவரியில் 1,000 மீட்டர் உயரத்து ஊர் ஒன்றுக்குப் போனோம். ஏழு நாளில் நாலு நாள் மழை. மிச்ச மூன்று நாளும் புல்வெளி நடுவே ஒரு வெள்ளைப் பட்டை, அதில் ஊரே நின்றது. அடுத்த தடவை பேசாமல் வால் தொரான்ஸுக்கே போய்விடலாமா அக்கா?
வாசகர், லண்டன்

ப: பனி வேண்டும் என்றால் போங்கள். 1971-ல் தொடங்கிய ஊர், 2,300 மீட்டரில் இருக்கிறது, ஐரோப்பாவில் இதைவிட உயரத்தில் பனிச்சறுக்குக்கென்றே கட்டிய ஊர் கிடையாது என்று அவர்கள் மார்தட்டிக்கொள்வார்கள். ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு, ஏழு டிகிரி குறையும், கீழே மழையாகக் கொட்டுவது மேலே பனியாக விழும், அவ்வளவுதான் கணக்கு. நவம்பர் கடைசியில் திறந்தால் மே தொடக்கம் வரை ஓடும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஆல்ப்ஸ் ஏறக்குறைய 2 டிகிரி சூடாகிவிட்டது, அதனால் தாழ்வான ஊர்களின் பாடு வருஷத்துக்கு வருஷம் திண்டாட்டம். வால் தொரான்ஸும் முழுக்கத் தப்பவில்லை. பெக்லே பனியாற்றில் முன்பெல்லாம் கோடையிலும் சறுக்குவார்கள், இப்போது அது இல்லை.

ஆனால் இந்த உயரம் இருக்கிறதே, அது பனியை ஒரு கையால் கொடுத்துவிட்டு மற்றதையெல்லாம் இன்னொரு கையால் பிடுங்கிக்கொள்ளும். மரம் கிடையாது. பழைய தேவாலயம், கல்வீடு, மாட்டுத்தொழுவம் என்று அஞ்சல் அட்டையில் பார்க்கிற ஆல்ப்ஸ் கிராமம் கிடையாது, எல்லாம் அடுக்குமாடிதான். அந்த அழகு வேண்டுமானால் அதே பள்ளத்தாக்கில் கீழே, சுமார் 1,450 மீட்டரில், சேன் மார்த்தான் என்ற பழைய ஊர் இருக்கிறது, அங்கே தங்குங்கள். ஊட்டி 2,240 மீட்டர். ஆக, உயரக் கணக்கில் வால் தொரான்ஸும் ஒரு ஊட்டிதான். யூகலிப்டஸும் இல்லை, வர்க்கியும் இல்லை.

கே: ஊட்டி என்றதும் ஞாபகம் வருகிறது. வால் தொரான்ஸில் எங்களுக்கு முதல் நாள் ராத்திரி தலைவலி, தூக்கமே இல்லை. மறுநாள் சாம்பாருக்குப் பருப்புப் போட்டால் ஒன்றரை மணி நேரம் கழித்தும் விதைவிதையாக நிற்கிறது. பருப்பு பழசா, அடுப்பு மட்டமா என்று வீட்டில் பெரிய விவாதம்.
வாசகி, ஓஸ்லோ

ப: பருப்பின் மேல் பழி போடாதீர்கள். 2,300 மீட்டரில் தண்ணீர் ஏறக்குறைய 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கிற மாதிரி தெரியும், சூடு அதற்கு மேல் ஏறாது. "உன் பருப்பு இங்கே வேகாது" என்று நம் ஆட்கள் சவால் விடுவது இந்த ஊருக்கு எழுத்துக்கு எழுத்து பொருந்தும். ஒரே வழி குக்கர். மூன்று லிட்டர் குக்கர் ஒன்றைத் துணிகளுக்கு நடுவே சுருட்டிக்கொண்டு போங்கள், பெட்டியில் அதைவிட உபயோகமான சாமான் வேறு இருக்காது. கிளம்பும் முன்னால் வீட்டுக்காரரிடம் இண்டக்ஷன் அடுப்பா என்று கேட்டுவிடுங்கள், ஊரிலிருந்து வந்த அலுமினியக் குக்கர் அதில் சூடாகாது. இதைச் சொல்லித் தருகிற தகுதி எனக்கு எப்படி வந்தது என்று கேட்காதீர்கள்.

தலைவலியும் அதே காரணம்தான். காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான், மூச்சுக்கு மூச்சு ஆக்சிஜனும் கால் பங்கு குறைச்சல். காலையில் லண்டனிலோ ஓஸ்லோவிலோ கிளம்பி சாயங்காலம் அங்கே போய்ப் படுத்தால் உடம்பு முழித்துக்கொண்டுதான் கிடக்கும். முதல் நாள் வைன் வேண்டாம், தண்ணீர் நிறையக் குடியுங்கள், மாடிப்படியை ஓடி ஏறாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு இரண்டாவது ராத்திரியில் சரியாகிவிடும். சரியாகாமல் வாந்தி, தலைசுற்றல் என்று போனால் மருத்துவரைப் பாருங்கள், ஊரிலேயே மருத்துவ மையம் உண்டு.

கே: நான் ஸ்கீயில் அவ்வளவு மோசமில்லை. ஆனால் மூன்றாம் நாள் மேலே போனதும் மேகம் இறங்கிவிட்டது. வானமும் வெள்ளை, தரையும் வெள்ளை. ஓடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து முழங்காலை மடக்கிப் பலமாகப் பிரேக் போட்டேன், ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்திருக்கிறேன், நின்ற இடத்திலேயே விழுந்தேன். என் கணவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார். இது எனக்கு மட்டும்தானா?
வாசகி, சூரிச்

ப: இல்லை. நான் ஒருமுறை அந்த வெள்ளைக்குள் குமட்டிக்கொண்டு உட்கார்ந்தே விட்டேன். கண்ணுக்குப் பிடித்துக்கொள்ள ஒரு கோடுகூட இல்லை என்றால் காதுக்குள் இருக்கும் சமநிலைக் கருவி தன் பாட்டுக்கு எதையாவது சொல்லும், கால் அதை நம்பிவிடும். மரம் இல்லாத மலை என்று மேலே சொன்னேனே, அதன் விலை இதுதான். ஆல்ப்ஸின் இந்தப் பக்கத்தில் 2,000 மீட்டரைத் தாண்டினால் மரங்கள் அருகிவிடும். மரம் இருக்கிற சரிவில் எவ்வளவு மூடுபனி வந்தாலும் இரண்டு ஓரத்திலும் கறுப்பாக ஏதோ தெரியும், அதை வைத்துச் சமாளிக்கலாம். இங்கே அதுவும் இல்லை.

ஆனால் சறுக்குத் தடத்தின் ஓரத்தில் நட்டிருக்கும் குச்சிகளைக் கவனித்தீர்களா? நாலைந்து நாள் அங்கே இருந்தும் அதைப் படிக்காமலே திரும்புகிறவர்கள்தான் அதிகம். சுலபத்திலிருந்து கடினம் வரை பச்சை, நீலம், சிவப்பு, கறுப்பு என்று தடத்தின் நிறத்திலேயே ஒரு வட்டத் தகடு இருக்கும், அதில் தடத்தின் பெயரும் ஓர் எண்ணும் இருக்கும். எண் இறங்க இறங்கக் குறைந்துகொண்டே வரும், 1 வந்தால் அடிவாரம். கீழ்நோக்கி நிற்கும்போது வலது ஓரத்துக் குச்சிகளுக்கு மட்டும் தலையில் அகலமாக ஆரஞ்சுப் பட்டை அடித்திருப்பார்கள். அன்றைக்கு நான் அப்படித்தான் இறங்கினேன். ஓர் ஆரஞ்சுத் தலை தெரியும்வரை காத்திருந்து, அதை எட்டிப் பிடித்து, அடுத்ததைத் தேடி, 14, 13, 12 என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே. விழுந்தால் தடங்களைக் கவனித்துக்கொள்ளும் பனிக்காவலர்களிடம் தொலைபேசியில் அந்தத் தடத்தின் பெயரையும் எண்ணையும் சொன்னால் போதும், நேராக வந்துவிடுவார்கள்.

அந்த மாதிரி நாளில் மேலே போகாமல் இருப்பதுதான் புத்தி. வால் தொரான்ஸ் பள்ளத்தாக்கும் அக்கம்பக்கமும் என்று மூன்று பள்ளத்தாக்குகள் சேர்ந்து 600 கிலோமீட்டர் தடம் இருக்கிறது, பக்கத்துப் பள்ளத்தாக்கில் மெரிபெல் பக்கம் மரங்களுக்கு நடுவே ஓடும் தடங்கள் எத்தனையோ. 1992 ஒலிம்பிக்கில் பெண்களின் மலைச்சறுக்குப் போட்டிகள் நடந்ததும் அங்கேதான். அப்புறம், வெளிச்சம் குறைந்த நாளுக்கென்று மஞ்சளோ இளஞ்சிவப்போ கண்ணாடி போட்ட காகிள்ஸ் ஒன்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவரை அந்த மேகத்துக்குள் ஒரு தடவை அனுப்பி வையுங்கள், சிரிப்பு நின்றுவிடும்.

கே: நீங்கள் சொன்ன மாதிரியே மெரிபெல் போனோம். திரும்பும்போது காற்று அதிகம் என்று, கம்பிவடத்தில் தொங்கி மலைமேல் ஏற்றிவிடும் மேல் லிஃப்டை மூடிவிட்டார்கள். டாக்சிக்குக் கொடுத்த காசில் இன்னொரு நாள் தங்கியிருக்கலாம். இது பகல் கொள்ளை இல்லையா?
வாசகர், பிராங்பர்ட்

ப: கொள்ளையோ இல்லையோ, வழியைப் பாருங்கள். மலைக்கு மேலாகப் பறந்தால் மெரிபெல்-மொத்தாரேயிலிருந்து வால் தொரான்ஸ் பத்து கிலோமீட்டர்கூட இருக்காது. சாலையில் போனால் அடிவாரத்து ஊரான மூட்டியே வரைக்கும் இறங்கி, அதாவது ஏறக்குறைய 480 மீட்டருக்கு வந்து, அங்கிருந்து மறுபடி 37 கிலோமீட்டர் வளைவு வளைவாக 2,300-க்கு ஏறணும். பள்ளத்தாக்கைத் தாண்டுகிற அன்றைக்கு மதியம் இரண்டு, இரண்டரைக்கே திரும்ப ஆரம்பித்துவிடுங்கள். கடைசி லிஃப்ட் எத்தனை மணிக்கு என்று எழுதிப் போட்டிருப்பார்கள்தான், அது காற்று அடிக்காத நாளுக்கான நேரம்.

கே: நாங்கள் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனோம். அவருக்கு 71 வயது, யாழ்ப்பாணத்திலிருந்து 1995-ல் வெளிக்கிட்டவர். இரவு முழுக்கப் பனி கொட்டி, விடியப்புறம் மலைப்பக்கம் தொடர்ந்து குண்டுச் சத்தம் கேட்டது. நாங்கள் எழும்பிப் பார்க்க, அம்மா பேரனை அணைத்துக்கொண்டு ஜன்னல் இல்லாத குளியலறைக்குள் இருக்கிறார். என்ன சத்தம் அது, ஏன் முன்னமே ஒருவரும் சொல்லவில்லை?
வாசகர், பாரீஸ்

ப: இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தேன். அம்மா செய்தது சரிதான், அவருக்குத் தெரிந்த பாதுகாப்பை உடனே செய்திருக்கிறார்.

அது பனிச்சரிவை வேண்டுமென்றே முன்கூட்டி இறக்குகிற வெடி. ராத்திரி நிறையப் பனி விழுந்தால், காற்று அதைக் கொண்டுபோய் முகடுகளுக்குக் கீழே குவித்து வைக்கும். ஆட்கள் கீழே சறுக்கும்போது அது தானாக உடைந்து விழாமல் இருக்க, தடம் திறப்பதற்கு முன்னாலேயே உடைத்துவிடுவார்கள். சரிவின் தலையில் ஆளுயரத்துக்கும் அதிகமாக வளைந்த குழாய்கள் நிற்கிறதைப் பகலில் பார்த்திருப்பீர்கள், அதில் எரிவாயுவும் ஆக்சிஜனும் கலந்து கீழேயிருந்தே வெடிக்க வைக்கலாம். குழாய் இல்லாத இடத்துக்குப் பனிக்காவலர்கள் நேரில் போய்க் கையால் வெடி போடுவார்கள், சில இடங்களில் ஹெலிகாப்டரிலிருந்து. சத்தம் கேட்டால் அன்றைக்குத் தடங்களைத் திறக்க ஆள் வேலை செய்கிறது என்று அர்த்தம். சில லிஃப்ட் தாமதமாகத்தான் திறக்கும், அவசரப்படாமல் காலைச் சாப்பாட்டை முடிக்கலாம்.

அங்கே வசிப்பவர்களுக்கு அது சேவல் கூவுகிற மாதிரி, அதனால் யாருக்கும் சொல்லத் தோன்றாது. நம்மில் பல பேருக்கு அது வெறும் சத்தம் அல்ல. பனி கொட்டுகிற ராத்திரியில் படுக்கப் போகும் முன்னாலேயே பெரியவர்களிடம் சொல்லி வையுங்கள். பேரனே சொல்லட்டும்.

கே: பூட்ஸ்! நாலு மணி நேரத்துக்கு மேல் போட முடியவில்லை. கால் மரத்துப்போகிறது. ஒரு சைஸ் பெரிசாக வாங்கினால் சரியாகுமா?
வாசகர், பர்மிங்காம்

ப: ஆகாது, இன்னும் மோசமாகும். இதே தவறை நானும் செய்து, பெருவிரல் நகம் கறுத்துப்போய் மார்ச் மாதம் உதிர்ந்தது. பெரிய பூட்ஸில் கால் உள்ளே முன்னும் பின்னும் ஓடும், ஓடாமல் இருக்கக் கொக்கியை இறுக்குவோம், இறுக்கினால் ரத்தம் போகாது, மரத்துப்போகும்.

வாடகைக் கடையில் அளவு சென்டிமீட்டரில் சொல்வார்கள், 24.5 என்றால் உங்கள் பாதத்தின் நீளம் அது. ஒரே ஒரு சாக்ஸ், அதுவும் மெல்லிசாக, முழங்கால் வரை. குளிருமே என்று இரண்டு போட்டால் மடிப்பு விழுந்து அந்த இடத்தில் கொப்புளம் வரும். உள்ளே போடுகிற லெக்கிங்ஸின் நுனியை பூட்ஸுக்குள் திணிக்கக் கூடாது. காலை நுழைத்ததும் குதிகாலைத் தரையில் இரண்டு தடவை தட்டிப் பின்னால் தள்ளுங்கள், மேல் கொக்கிகளை முதலில் போடுங்கள், பாதத்தின் மேலே இருப்பதைப் பெயருக்கு மாட்டினால் போதும். நேராக நின்றால் விரல் நுனி முன்னால் முட்டணும், முழங்காலை மடக்கினால் முட்டாமல் விலகணும். இப்படி இருந்தால் அது உங்கள் பூட்ஸ். லிஃப்டில் உட்கார்ந்ததும் கொக்கிகளைத் தளர்த்திவிடுங்கள், பாதி வலி அதிலேயே போய்விடும்.

இன்னொன்று. கடைப் பையன் எடை, உயரம், வயது, எவ்வளவு நன்றாகச் சறுக்குவீர்கள் என்றெல்லாம் கேட்பான். நம் ஆட்கள் எடையில் அஞ்சு கிலோ குறைப்பார்கள், திறமையில் ரெண்டு படி ஏற்றுவார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் விழும்போது ஸ்கீ எவ்வளவு விசையில் காலை விட்டுக் கழன்றுகொள்ள வேண்டும் என்று ஸ்க்ரூவைத் திருகுகிறான். திறமையைக் கூட்டிச் சொன்னால் கழல வேண்டிய நேரத்தில் கழலாது, முழங்கால்தான் திரும்பும்.

கே: நாலு நாள் பழகிவிட்டால் கறுப்புத் தடத்தில் இறங்கலாமா?
வாசகர், மில்டன் கீன்ஸ்

ப: இறங்கலாம், ஸ்ட்ரெச்சரில். நீலத்தையே இன்னொரு வாரம் பாருங்கள் தம்பி.

கே: ஸ்ட்ரெச்சர் என்றால், அதற்கும் பில் வருமாமே? ஐரோப்பிய மருத்துவ அட்டை இருந்தால் போதாதா?
வாசகி, ஆம்ஸ்டர்டாம்

ப: போதாது. அந்த அட்டை மருத்துவச் செலவுக்கு உதவும், மலையிலிருந்து உங்களை இறக்குகிற கூலிக்கு உதவாது. பிரான்ஸில் தடத்தில் விழுந்தால் ஸ்லெட்ஜில் இறக்கும் செலவை அந்த ஊர் நிர்வாகம் உங்களிடம்தான் வசூலிக்கும். அடிபட்டுக் கிடக்கும்போதுதான் நிறையப் பேருக்கு இது தெரியவருகிறது. லிஃப்ட் பாஸ் வாங்கும்போதே கரே நேஜ் என்ற காப்பீடு வேண்டுமா என்று கேட்பார்கள், நாளுக்குச் சில யூரோதான், பேசாமல் போட்டுவிடுங்கள். இத்தாலிப் பக்கம் போகிறவர்கள் கவனிக்க: அங்கே அடுத்தவருக்கு அடிபட்டால் ஈடுகட்டும் காப்பீடு 2022 ஜனவரியிலிருந்தே கட்டாயம்.

கே: நமக்குக் கறுத்த தோல், சன் கிரீம் எதற்கு?
வாசகர், மார்சேய்

ப: எனக்கும் அதே தோல்தான், மூக்கு உரிந்து உருளைக்கிழங்கு மாதிரி திரும்பினேன். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் போல புற ஊதாக் கதிர் கூடும், போதாததற்குப் புதுப் பனி அதில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும். அதாவது வெயில் கீழேயிருந்தும் வருகிறது. தாடைக்குக் கீழே, மூக்குத் துவாரத்தின் ஓரம், காது மடலுக்குப் பின்னால் என்று யாருமே தடவாத இடங்களில் தடவுங்கள். கண்ணாடி இல்லாமல் அரை நாள் நின்றால் ராத்திரி கண்ணில் மணலை அள்ளிப் போட்டது மாதிரி இருக்கும், வெல்டிங்கை வெறுங்கண்ணால் பார்த்தவர்களுக்கு அந்த வேதனை தெரியும்.

கே: நாங்கள் சைவம். உணவகத்தில் என்ன கேட்பது? எது மலிவான வாரம் என்பதையும் சொல்லுங்கள்.
வாசகி, பிரஸ்ஸல்ஸ்

ப: ரெண்டாவதுக்கு முதலில் பதில். புத்தாண்டு கூட்டம் கலைந்ததும் வருகிற ஜனவரி வாரங்கள். பிப்ரவரியில் பிரான்ஸ் முழுக்கப் பள்ளி விடுமுறை, மூன்று மண்டலமாகப் பிரித்து நாலு வாரத்துக்கு மாற்றி மாற்றி விடுவார்கள், அந்த நாலு வாரமும் விலையும் வரிசையும் எக்கச்சக்கம். அறைகள் பெரும்பாலும் சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை. மளிகையை மலையடிவாரத்திலேயே வாங்கிக்கொண்டு ஏறுங்கள்.

சாப்பாடு கஷ்டம்தான். தார்த்திஃப்ளெட் என்று உருளைக்கிழங்கும் ரெப்லோஷோன் சீஸும் போட்டு அடுப்பில் வைத்து எடுப்பார்கள், மணம் ஆளைத் தூக்கும், உள்ளே பன்றி இறைச்சித் துண்டு இருக்கும், அது இல்லாமல் கேளுங்கள். ஃபோண்டூவில் வெள்ளை வைன் ஊற்றித்தான் சீஸை உருக்குகிறார்கள். ராக்லெட் நமக்கு ஒத்துவரும், கூட வரும் இறைச்சித் தட்டை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் உருகிய சீஸும் வேகவைத்த உருளையும் ஊறுகாயும்தான். ரொம்ப ஆசாரம் பார்க்கிறவர்கள் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள், அந்த ஊர் ரெப்லோஷோன், போஃபோர் சீஸெல்லாம் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் உறைபொருளில் உறைய வைப்பது. என்னை ஏன் சொன்னாய் என்று திட்டாதீர்கள்.

கே: அப்பாவுக்கு 66, லேசாக பி.பி. அவர் ஸ்கீ போட மாட்டார். அறையிலேயே அடைந்து கிடப்பாரா?
வாசகர், லியோன்

ப: கிளம்பும் முன்னால் அவருடைய மருத்துவரிடம் உயரத்தைச் சொல்லிக் கேட்டுவிடுங்கள், அது முக்கியம். அவர் சரி என்றால், நடந்து வருகிறவர்களுக்கென்று தனி பாஸ் இருக்கிறது, அதை வைத்துக்கொண்டு சீம் கரோன் கேபிள் காரில் 3,200 மீட்டருக்கு ஏறலாம். 1982-ல் போட்டது, பழனி ரோப் காரை மனதில் வைத்துக்கொண்டு போனால் பெட்டியின் அளவைப் பார்த்து அசந்துபோவார். வானம் தெளிவாக இருந்தால் மோன் பிளான் சிகரம் முழுசாகத் தெரியும். மேலே அரை மணி நேரம் போதும், அங்கே ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்கு குறைச்சல், ஃபோட்டோவுக்காக அங்குமிங்கும் ஓட விடாதீர்கள். 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஸ்லெட்ஜ் தடமும் உண்டு, அது உங்களுக்கு, அப்பாவுக்கு வேண்டாம்.

கே: என் மகளுக்கு ஆறு வயது. முதல் நாள் அழுதாள். ஐந்தாம் நாள் பதக்கம் குத்திக்கொண்டு வந்தாள். ஆறாம் நாள் நீலத் தடத்தில் எனக்கு முன்னால் போய்க்கொண்டு, "அப்பா, பீட்சா போடு, பீட்சா!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துகிறாள். நான் அவளுக்குப் பின்னாலேயே போவதா, முன்னால் போய்ப் பாதுகாப்பாக நிற்பதா?
வாசகர், லண்டன்

ப: அந்தப் பதக்கத்தைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். பிரெஞ்சு ஸ்கீ பள்ளியில் குட்டிக் கரடி, பனிச்செதில், முதல் நட்சத்திரம் என்று படிப்படியாகத்தான் கொடுப்பார்கள், சிவப்புச் சட்டை மாஸ்டர் ஒவ்வொன்றுக்கும் சோதித்துப் பார்த்துத்தான் குத்துவார். பீட்சா என்றால் ஸ்கீயின் முன் நுனிகளைச் சேர்த்துப் பின்பக்கத்தை விரித்து பீட்சாத் துண்டு மாதிரி வைத்து வேகத்தைக் குறைப்பது. அவள் சொல்கிற மாதிரி போடுங்கள், அவளுக்குத்தான் முறையாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், நீங்கள் வீடியோ பார்த்துக் கற்றவர் என்பது கடிதத்திலேயே தெரிகிறது.

பின்னாலேயே போங்கள், பத்துப் பதினைந்து மீட்டர் விட்டு. மலையில் முன்னால் போகிறவருக்குத்தான் வழி, பின்னால் வருகிறவர்தான் விலகிப் போகணும் என்பது உலகம் முழுக்க ஒரே விதி. இடித்தால் தப்பு உங்கள் பேரில்தான், ஆறு வயது என்றெல்லாம் பார்க்க மாட்டார்கள்.